நாடகசாலையின் வளைவும் பள்ளிவாசலின் கல்தூணும்: திருமலை நாயக்கர் மகாலை முன்வைத்து

பழனி மலைத்தொடரின் மேல்மலைப் பகுதியில், கொடைக்கானலைத் தாண்டி உள்ளே செல்ல வேண்டிய சிற்றூர் போளூர். அவ்வூர்ப் பிள்ளைகள் சிலரை மதுரைக்கு அழைத்துச் சென்று நகரைக் காட்டும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்து சேர்ந்தது. மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியாக மதுரையை அடைந்து, நண்பகல் வெயிலில் திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்தோம். முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும் பருத்த தூண்களையும், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் இதழ் வளைவுகளையும், எதிரே எழும் குவிமாடத்தையும் அண்ணாந்து பார்த்த சிறுவன் ஒருவன், "ஐயா, இது முன்னாடி பள்ளிவாசலா இருந்ததா?" என்று கேட்டான். இல்லை, ஓர் அரசரின் அரண்மனை என்று விடை கூறினேன்.

விடை சரியானதுதான். ஆனால் அது போதுமானதன்று என்னும் உறுத்தல் அப்போதே தோன்றிற்று. சிறுவனின் கண் பிழை செய்யவில்லை. வளைவும் குவிமாடமும் அவன் படங்களிலும் நாட்காட்டிகளிலும் பள்ளிவாசல்களோடு சேர்த்தே கண்டவை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு வாரி வழங்கிய ஒரு மன்னர், தாம் வீற்றிருந்து அரசு நடத்திய மண்டபத்துக்கும், ஆடலும் பாடலும் கண்டு களித்த அரங்குக்கும் இவ்வுறுப்புகளை ஏன் தேர்ந்துகொண்டார்? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், மதுரையில் தொடங்கி ஹம்பி, குல்பர்கா, பீஜப்பூர் வரை சென்று, இறுதியில் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள நம் பள்ளிவாசல்களின் வாயிலிலேயே வந்து நிற்க நேர்கிறது.

எஞ்சியிருக்கும் கால்பங்கு

மதுரையைத் தலைநகராகக் கொண்டு 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இம்மாளிகையை 1636இல் எழுப்பினார். இன்று நாம் காண்பது அதன் ஒரு பகுதியே. மூல அரண்மனை இதைப்போல் நான்கு மடங்கு பரப்புடையதாக இருந்தது என்பர். மன்னர் வாழ்ந்த சொர்க்க விலாசம், அவருடைய தம்பி முத்தியாலு நாயக்கருக்குரிய அரங்க விலாசம் என இரு பெரும் பிரிவுகள் இருந்தன. பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அங்கே புதிய அரண்மனை கட்டுவதற்காக இங்கிருந்து பெரும்பகுதியைப் பிரித்தெடுத்துச் சென்றார். பாட்டனார் கட்டியதைப் பேரன் இடித்தான் என்று இன்றும் மதுரையில் வருத்தத்தோடு சொல்லப்படுவதுண்டு.

எஞ்சியவற்றுள் முதலில் கண்ணில் படுவது, சுமார் 240 அடி நீளமும் 140 அடி அகலமும் கொண்ட திறந்த முற்றமும், அதனைச் சுற்றி ஓடும் தூண் தாழ்வாரங்களும் ஆகும். முற்றத்தின் மேற்கே சொர்க்க விலாசம். சுமார் 235 அடி நீளமும் 105 அடி அகலமும் உடைய அம்மண்டபத்தின் நடுவே, ஏறத்தாழ 60 அடி விட்டமுள்ள குவிமாடம் உத்தரமோ இடைத்தூணோ இன்றி நிற்கிறது. தரையிலிருந்து அதன் உச்சி எழுபது அடிக்கும் மேல். சதுரமாக அமைந்த அடித்தளத்தின் மூலைகளில் குறுக்கு வளைவுகளை இட்டு எண்கோணமாக்கி, எண்கோணத்தை வட்டமாக்கி, வட்டத்தின்மேல் மாடத்தை ஏற்றும் முறை இங்கே கையாளப்பட்டுள்ளது. அரபியர் குப்பா எனப் பெயரிட்டழைத்த மாடத்தைக் கட்டுவதற்குப் பாரசீகம் முதல் தக்காணம் வரை முஸ்லிம் கட்டடக் கலைஞர்கள் கைக்கொண்ட வழியும் இதுவே.

கருங்கல் தூண்கள்போல் தோன்றும் இத்தூண்களின் வெளிப்புறம் முழுவதும் சுதை வேலைப்பாடு. சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த மேற்பூச்சு, நன்கு தேய்த்து மெருகேற்றப்பட்டுப் பளிங்குபோல் மின்னியது. ஊன்றிப் பார்த்தால், வளைவின் வடிவம் தக்காணத்துடையதாக இருப்பினும், அதன்மேல் படர்ந்திருக்கும் யாளியும் மகரமும் கொடிக்கருக்கும் முற்றிலும் தமிழகச் சுதைச் சிற்பியரின் கைவண்ணம் என்பது விளங்கும். எவரோ வெளியூரார் வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கட்டடம் அன்று இது. வளைவின் கணக்கைக் கற்றுக்கொண்ட உள்ளூர்க் கொத்தர், தமக்குப் பழக்கமான அலங்காரத்தை அதன்மேல் பூட்டியிருக்கின்றனர்.

நாடகசாலை

சொர்க்க விலாசத்தின் வடமேற்கில் உள்ளது நாடகசாலை. வருவோரில் பலர் குவிமாடத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். என் கருத்தில், மகாலின் மிகச் சிறந்த பகுதி இந்த நாடகசாலையே.

சுமார் 120 அடி நீளமும், 67 அடி அகலமும், கூரையின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 70 அடி உயரமும் கொண்ட நெடுங்கூடம் இது. இரு பக்கங்களிலும் தூண்வரிசைகள் நிற்க, அவற்றின் தலையிலிருந்து புறப்படும் கூர்முனை வளைவுகள் நடுவெளியைத் தாண்டிச் சென்று மறுபக்கத்தை அடைகின்றன. வளைவுக்கு வளைவு இடைவெளியைச் செங்கற்கூரை மூடுகிறது. நடுவே தடையற்ற தரை. இந்திய, கீழைநாட்டுக் கட்டடக்கலை பற்றி 1876இல் பெருநூல் வெளியிட்ட ஜேம்ஸ் பெர்குசன் இக்கூடத்தைக் கண்டு வியந்து, ஐரோப்பாவின் காதிக் கட்டடங்களோடு ஒப்பிட்டார். அந்தக் காதிக் கூர்முனை வளைவே ஸ்பெயின், சிசிலி, ஷாம் தேச முஸ்லிம் கட்டடங்களின் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றிருக்க வேண்டும் என்று கருதும் அறிஞர் பலர் உளர். பெர்குசன் மதுரையில் கண்டது தம் ஊரின் சாயலை அன்று. இரு திசைகளில் பிரிந்துபோன உறவினர் இருவரின் முகச்சாயலை எனலாம்.

மாலை வேளைகளில் தீவட்டி ஒளியில் இங்கே ஆடலும் பாடலும் நிகழ்ந்தன என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுக்கப்பட்டிருந்த மதுரை நாட்டில், பழனி மலையடிவாரத்து விருப்பாட்சி, ஆயக்குடி, கன்னிவாடி முதலிய பாளையங்களும் அடங்கியிருந்தன. இத்தகைய பாளையக்காரர்களும், அயல்நாட்டுத் தூதர்களும், பாதிரிமார்களும் வந்து செல்லும் அரசவை அது. அரசவையின் செல்வாக்கை நிலைநிறுத்தும் கருவிகளுள் ஆடலரங்கும் ஒன்று. தஞ்சை நாயக்கர் இரகுநாதரின் அவையில் இசையும் யட்சகானமும் செழித்ததும், பீஜப்பூரில் இரண்டாம் இப்ராகிம் ஆதில்ஷா தக்கனி மொழியில் இராகங்களுக்கேற்ற பாடல்களை இயற்றிக் கிதாபே நவ்ரஸ் என்னும் நூலாக்கியதும் ஏறக்குறைய ஒரே காலத்து நிகழ்ச்சிகள். 1580 முதல் 1627 வரை ஆண்ட அந்தச் சுல்தான் இசைக்காகவே நவ்ரஸ்பூர் என ஒரு நகரையே எழுப்பத் தொடங்கினார். ஆக, அரசரின் மாண்பு இசையரங்கில் வெளிப்பட வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்துத் தென்னகத்தில் மத எல்லைகளைக் கடந்து பொதுவாக நிலவியது.

தூண் மறைக்கும் கண்

இனி, முதல் வினாவுக்கு வருவோம். ஆடலரங்குக்கு வளைவு எதற்கு?

இதற்கு விடை மதுரையிலேயே, மகாலிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபமும் திருமலை நாயக்கர் கட்டியதே. மகாலுக்குச் சில ஆண்டுகள் முற்பட்ட அம்மண்டபம் 333 அடி நீளமும் 105 அடி அகலமும் உடையது. அதனைத் தாங்குவன 124 கல்தூண்கள். ஒவ்வொரு தூணும் ஒரு சிற்பக்கூடம் என்னுமளவு அழகு வாய்ந்தது. ஆனால் அதனுள் ஓரிடத்தில் அமர்ந்துகொண்டு மறுகோடியில் நிகழும் ஆட்டத்தைக் காண முயல்பவர், தூணை மட்டுமே காண்பார்.

இது சிற்பியின் குறையன்று, கருங்கல்லின் இயல்பு. தூணுக்குத் தூண் உத்தரம் கிடத்தி, அதன்மேல் பாவுகல் பரப்புவது நம் நாட்டு மண்டப முறை. உத்தரத்தின்மேல் பாரம் ஏறும்போது அதன் மேல்பக்கம் நெருக்குண்கிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. கல் நெருக்கத்தை எவ்வளவும் தாங்கும். இழுப்பைத் தாங்காது, விரிசல் கண்டுவிடும். எனவே, பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை தூண் வேண்டும். போதிகைகளை இருபுறமும் நீட்டி இன்னும் சில அடி கூட்டலாம், அவ்வளவே. ஆயிரங்கால் மண்டபத்துக்கு அத்தனை கால்கள் வாய்த்தமைக்குப் பக்தியும் பெருமிதமும் காரணங்கள் என்றால், கல்லின் இந்த இயல்பும் ஒரு காரணம்.

வளைவில் இழுப்பு என்பதே இல்லை. ஆப்பு வடிவாக அடுக்கப்படும் ஒவ்வொரு செங்கல்லும் அடுத்த செங்கல்லை நெருக்கி நிற்கிறது. பாரம் கூடக்கூட நெருக்கமும் கூடுமேயன்றி விரிசல் விழாது. ஆகவே சிறு சிறு செங்கற்களைக் கொண்டே, எந்த ஒற்றைக் கல்லாலும் எட்ட முடியாத அகலத்தைத் தாண்ட முடிகிறது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. வளைவு தன் பாரத்தைக் கீழ்நோக்கி மட்டும் செலுத்துவதில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது. அந்த உதைப்பைத் தாங்கப் பருத்த தூண்களோ தடித்த சுவர்களோ அருகில் இருந்தாக வேண்டும். மகாலின் தூண்கள் அத்தனை பருமனாக இருப்பதை வெறும் ஆடம்பரம் என்று கருதுவோர் உண்டு. ஆடம்பரமும் இல்லாமலில்லை. எனினும் அப்பருமன்தான் நாடகசாலையின் நடுத்தரையை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறது.

ஓசையைப் பற்றியும் ஒரு சொல். நாடகசாலையின் நடுவில் நின்று கைதட்டினால், அவ்வொலி உடனே அடங்குவதில்லை. மேலே சென்று சுழன்று மெல்லத் தேய்கிறது. சுண்ணப்பூச்சு ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புவதே காரணம். ஓர் அறையின் கொள்ளளவு கூடக்கூட ஒலி தங்கும் நேரம் கூடும், மென்மையான பொருள்களும் மனித உடல்களும் மிகமிக அது குறையும் என்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் கணக்கிட்டுக் காட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். நாடகசாலை போன்ற கூடத்தில் நீட்டிப் பாடும் குரலுக்கும் குழலுக்கும் மெருகு கூடும். விரைந்து பேசும் வசனம் குழம்பும். இன்றைய வெறுங்கூடத்தில் கேட்கும் ஒலியை வைத்து அன்றைய ஒலியை முடிவு செய்துவிடவும் கூடாது. திரைச்சீலையும் விரிப்பும் நிறைந்த அவையும் இருந்தபோது அது வேறு அரங்கமாக ஒலித்திருக்கும்.

வளைவு வந்த வழி

மகாலை வடிவமைத்தவர் இத்தாலியர் ஒருவர் என்னும் செய்தி சுற்றுலா வழிகாட்டிகளிலும் கையேடுகளிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இதற்குச் சமகாலச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலியின் நினைவு இக்கதைக்கு வித்திட்டிருக்கலாம். வியக்கத்தக்க எதுவும் ஐரோப்பியர் கையால்தான் விளைந்திருக்க முடியும் என்னும் பழைய மனப்பாங்கும் அதற்கு நீர் வார்த்திருக்கலாம்.

மறுபுறம், முஸ்லிம் படையெடுப்பின் தாக்கத்தால் வந்தது இப்பாணி என்பாரும் உளர். இது காலக் கணக்குக்கு ஒத்து வரவில்லை. மதுரைச் சுல்தான்களின் ஆட்சி 1378ஆம் ஆண்டளவில் முடிந்துவிட்டது. அதற்கும் மகாலுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு இடைவெளி. பீஜப்பூர்ப் படைகள் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றியதோ 1649ஆம் ஆண்டளவில். அப்போது மகால் எழுந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. வென்றவனைப் பார்த்துத் தோற்றவன் எழுப்பியதன்று இக்கட்டடம்.

உண்மையான வழி விசயநகரத்தின் ஊடாகச் செல்கிறது. தக்காணத்தில் 1347இல் பாமினி அரசு தோன்றியது. அதன் தலைநகராகிய குல்பர்காவில் 1367இல் எழுந்த ஜாமிஆ பள்ளிவாசல், வளைவுகளாலும் குவிமாடங்களாலும் முழுவதும் கூரையிடப்பட்ட அரிய கட்டடம். பாமினியும் விசயநகரமும் இடைவிடாது போரிட்டன என்பது பள்ளிப் பாடம். போரிட்டவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் குதிரைப் படை நடத்தும் முறையையும், அவை உடையையும், கட்டடக் கலையையும் இடைவிடாது கற்றுக்கொண்டனர் என்பது பாடத்தில் இல்லாதது. ஹம்பியில் இன்றும் நிற்கும் தாமரை மகாலின் இதழ் வளைவுகளும், யானைக் கொட்டாரத்தின் மேல் வரிசையாக எழும் மாடங்களும் இதற்குச் சான்று. கோயிலைக் கல்லுத்தரத்தால் கட்டிய அதே பேரரசு, அரண்மனைக் கட்டடங்களுக்கு வளைவைப் பயன்படுத்தியது. விசயநகர அரசவைப் பண்பாட்டில் இஸ்லாமிய உலகின் கூறுகள் எத்துணை ஆழமாகக் கலந்திருந்தன என்பதைக் கேதரின் ஆஷர், ஃபிலிப் வாகனர், ஜார்ஜ் மிச்செல் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பேரரசு சிதைந்தபோது, அந்த அரண்மனைப் பாணி செஞ்சி, தஞ்சை, மதுரை நாயக்கர்களுக்கு மரபுரிமையாக வந்து சேர்ந்தது. திருமலை நாயக்கரின் கண்ணில் வளைவு என்பது துருக்கர் அடையாளமாகப் பட்டிருக்காது. ஓர் அரசனுக்கு உரிய அடையாளமாகவே பட்டிருக்கும்.

ஹம்பியில் இன்னொரு கட்டடம் உண்டு. அங்கே செல்லும் நம்மவர் அவசியம் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியது அது. இரண்டாம் தேவராயரிடம் பணிபுரிந்த அகமது கான் என்னும் முஸ்லிம் வீரர், தம் மன்னருக்குப் புண்ணியம் உண்டாகுமாறு 1439இல் எழுப்பிய பள்ளிவாசல். அதன் கன்னடக் கல்வெட்டு அதனைத் தருமசாலை என்றே குறிக்கிறது. அதில் வளைவும் இல்லை, குவிமாடமும் இல்லை. கல்தூண், உத்தரம், தட்டைக் கூரை. முகப்பில் நின்று பார்ப்பவர் கோயில் மண்டபம் என்றே எண்ணுவர். இந்து மன்னரின் மாளிகையில் வளைவு. முஸ்லிம் வீரரின் பள்ளியில் உத்தரம்.

கீழக்கரையில் ஒரு மண்டபம்

இம்முரண் ஹம்பியோடு முடிந்துவிடவில்லை. தமிழகக் கடற்கரை முழுவதும் அது நீள்கிறது. வள்ளல் சீதக்காதியோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் கீழக்கரைப் பெரிய ஜும்ஆ பள்ளிவாசலுக்குள் சென்றவர்கள் அறிவர். சதுரமும் எட்டுப்பட்டையும் மாறி மாறி வரும் கல்தூண்கள், பூவேலை செய்த போதிகைகள், பாவுகல் கூரை. உருவங்கள் மட்டும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடங்களில் தாமரையும் கொடியும் வடிவக் கோலங்களும் உள்ளன. காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளும் இத்தகையனவே. தென்னகத் துறைமுகப் பள்ளிவாசல்களை ஒவ்வொன்றாக அளந்து வரைந்து மெஹர்தாத் ஷொகூஹி 2003இல் நூலாக வெளியிட்டார். புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜா முகமது தமிழகத்து இஸ்லாமியக் கட்டடக்கலையைத் தனியே ஆராய்ந்து எழுதினார். இவ்வரிய உழைப்புகளுக்குப் பின்னும், பள்ளிவாசல் என்றால் குவிமாடமும் மினாராவும் என்னும் எண்ணமே நம்மிடையே நிலவுகிறது.

மதுரை மன்னர் வளைவைக் கைக்கொண்ட அதே நூற்றாண்டில், மரக்காயர்கள் தம் பள்ளிகளை ஏன் மண்டபமாகக் கட்டினர்? உள்ளூர்ச் சிற்பியர் அறிந்த முறை அது என்பது ஒரு விடை. அது உண்மையே. ஆனால் அரண்மனைக்கு வளைவு போடத் தெரிந்த கொத்தர்கள் அதே நாட்டில் இருந்தனர் என்பதையும், கீழக்கரை வணிகரிடம் பொருளுக்குக் குறைவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. மற்றொரு விடை, அக்கட்டடங்களின் பயனிலேயே அடங்கியிருக்கிறது. ஆடலரங்கு கண்ணுக்கானது. அரங்கின் நடுவே ஒரு தூண் நின்றாலும் பின்னிருப்பவர்க்கு ஆட்டம் கெடும். தொழுகையில் காண வேண்டிய காட்சி எதுவும் இல்லை. தோளோடு தோள் சேர்ந்த வரிசை, கிப்லாவை நோக்கிய முகம், குத்பா எட்டும் காது, இவை போதும். தூணின் இடைவெளிக்கேற்ப வரிசையை அமைத்துக்கொண்டால், நாட்டு முறைக் கல்மண்டபமே தொழுகைக்குத் தகுந்த கூடமாகிவிடுகிறது. கடலோர வெப்பத்துக்குக் குளிர்ச்சியும் தருகிறது. ஆக, வளைவு ஒரு சமயத்தின் சின்னமாகவும் உத்தரம் மற்றொரு சமயத்தின் சின்னமாகவும் இருந்ததாக அக்காலத்துக் கட்டடக்காரர் எண்ணியதாகத் தெரியவில்லை. எந்த வேலைக்கு எது உதவும் என்பதே அவர்தம் கணக்கு. உமறுப் புலவர் சீறாவில் அரபு நாட்டுக்குத் தமிழ்க் காப்பிய மரபில் நாட்டுப்படலம் பாடியபோது அவருக்கு இருந்த இயல்பான துணிவும் இதே வகைப்பட்டதுதான்.

சாரசெனிக் என்னும் பெயர்

ஆங்கிலேயர் காலத்தில் மகால் பாழடைந்து கிடந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். வளைவும் குவிமாடமும் கொண்ட முஸ்லிம் பாணியே இந்நாட்டுப் பொதுக் கட்டடங்களுக்கு ஏற்றது என்னும் கருத்துடையவர் அவர்; 1870இல் அது குறித்து விரிவுரையும் ஆற்றினார். அவரால் ஊக்குவிக்கப்பட்ட கட்டடக் கலைஞர் இராபர்ட் சிஸோம் மகாலை நேரில் ஆராய்ந்தவர். ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் மாளிகையில் விரிவாக்கப் பணிகளைச் செய்தவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டியவரும் அவரே. மதுரையில் கற்றதைச் சென்னையில் பயன்படுத்தினார் என்று கூறுவது மிகையாகாது. இந்தோ-சாரசெனிக் என்னும் பெயர் இப்பாணிக்கு நிலைத்தது. சாரசென் என்பது இடைக்கால ஐரோப்பியர் அரபியரைக் குறித்த சொல். தாங்கள் மதுரையில் ஒரு நாயக்கரின் கட்டடத்திலிருந்து கற்ற பாணிக்கு அவர்கள் அரபியர் பெயரைச் சூட்டினர். பெயரிலேயே பிரிவினை புகுந்தது. கட்டடத்தில் ஒன்றாகக் குழைந்திருந்த சாந்தை இது இந்துவுக்கு, இது சாரசெனுக்கு என்று பங்கு பிரித்தது அந்தப் பெயர்.

சிஸோமின் கட்டடங்களுள் நம் பொருளுக்கு நெருக்கமானது, சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே செங்கல்லால் எழுந்த விக்டோரியா பொது மண்டபம். விக்டோரியா அரசியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழாவின் நினைவாகப் பெயர் பெற்ற அது, சென்னை நகரின் நாடக வரலாற்றோடு பிரிக்க முடியாதது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே நடந்தன. 1896இல் நகரின் தொடக்ககாலப் படக்காட்சியும் அங்கே நிகழ்ந்தது. அதன் கோபுரத்துக்குத் திருவிதாங்கூர் பாணிக் கூரை. கூரையின் அடியில் ஓடும் சுடுமண் விளிம்பில் அரபு எழுத்தணியைப் போன்ற வேலைப்பாடு. அதில் படிக்கத்தக்க சொல் எதுவும் இல்லை. பொருளை விட்டுவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொண்ட எழுத்து.

மகாலோ நீண்டகாலம் மாவட்ட நீதிமன்றமாக இருந்தது. நடனம் கண்ட கட்டடத்தில் வழக்குரைஞர்கள் வாதிட்டனர். 1970இல் நீதிமன்றம் வெளியேற, அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அமைந்தது. 1981இல் முற்றத்தில் ஒலி, ஒளிக் காட்சி தொடங்கப்பட்டு, சிலப்பதிகாரக் கதை வண்ண விளக்குகளின் மொழியில் அங்கே சொல்லப்பட்டது. மதுரையை எரித்த கண்ணகியின் கதைக்கு நாயக்கர் மாளிகை பின்னணியாயிற்று. 1995இல் வெளிவந்த பம்பாய் திரைப்படத்தில் முஸ்லிம் திருமண வீடொன்றின் ஆடல் பாடல் காட்சிக்கு இந்த மகாலே களமாயிற்று என்பது பலருக்கு நினைவிருக்கும். முஸ்லிம் வீடு எனக் காட்ட விரும்பியவரின் கண்ணும் போளூர்ச் சிறுவனின் கண்ணும் ஒன்றாகவே இயங்கியிருக்கின்றன.

இதில் நமக்குப் பெருமைப்பட இடமிருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது; ஆனால் மகால் நம்முடையது என்று உரிமை கொண்டாடும் பெருமையன்று. வளைவு பள்ளிவாசலுக்குரியது என்று நாம் பேசத் தொடங்கினால், கல்மண்டபம் கோயிலுக்குரியது என்னும் பேச்சையும் ஏற்க வேண்டி வரும். அப்போது கீழக்கரையும் காயலும் எங்கே நிற்கும்? கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பேச்சை நாமே ஏற்றுக்கொண்டுவிட்டோமோ என்று அஞ்ச வேண்டியிருக்கிறது. கோயில்போல் இருக்கிறது என்னும் ஒரே காரணத்துக்காகப் பழைய கல்பள்ளிகள் இடிக்கப்பட்டு, சிமெண்டுப் பள்ளிகள் எழுந்துள்ளன. தொழுகையாளர் தொகை பெருகியது, இடம் போதவில்லை என்பது நியாயமான காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழையதை ஒட்டிப் புதியதைக் கட்டிய ஊர்களும் இருக்கின்றன. புதியவற்றின் குவிமாடங்களில் பெரும்பாலானவை தட்டையான தளத்தின்மேல் வெறுமனே ஏற்றி வைக்கப்பட்டவை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மாடம் தெரியாது. தளமும் மின்விசிறியுமே தெரியும். எந்தப் பாரத்தையும் தாங்காத, எந்த வெளியையும் திறந்துவிடாத மாடங்கள் அவை. சாலையில் போவோர்க்கு இது இன்ன கட்டடம் என்று அறிவிப்பதே அவற்றின் பணி.

என் சொந்த ஊரின் பழைய பள்ளியும் அவ்வாறு போனதுதான். இருபத்துநான்கு தூண்களில் இருபத்திரண்டு எங்கே சென்றன என்று விசாரித்தேன். ஒப்பந்தக்காரர் எடுத்துச் சென்றார் என்றனர். மீதி இரண்டும் உளூச் செய்யும் ஹவுளின் ஓரத்தில் கிடத்தப்பட்டிருக்கின்றன. ஒன்றின்மேல் அமர்ந்து பெரியவர்கள் கால் கழுவுகின்றனர். மற்றொன்றின் போதிகைப் பூவிதழில் பிள்ளைகள் தொப்பியைக் கழற்றி வைக்கின்றனர்.